பூக்க முன்னம்

எங்களுக்குத் தந்தது மூன்று மாதம்,
பதினொரு சோடி கையுறை
(அதில் ஒரு சோடி, இரண்டும் இடக்கை),
ஒரு பதிவேடு.
மதகிலிருந்து பனங்கூடல் மட்டும்
இருநூற்று நாற்பது மீற்றர் என்று
பிரதேச சபை அளந்து கொடுத்தது.
அளந்தது தெரியாமல்
பச்சைப் பாயின் அடியில் படுத்திருந்தது
வழுக்கையாறு.

மாரிக்கு மட்டும்தான் அது ஆறு.
பங்குனியில் வாய்க்கால்,
ஆடியில் மாடு குறுக்கே நடக்கும் பள்ளம்.
ஆனாலும் பெயரில் ஆறு இருக்கிறதே,
அந்த மரியாதைக்காவது
தண்ணீர் ஓர் ஓரமாய்ப் போகவேண்டாமா?

கரையில் பார்த்தீனியம்.
ஆட்டோடு கப்பலில் வந்தது என்றார் இரத்தினசோதி.
மா மூட்டையோடு என்றா றெஜினா அக்கா.
எதோடு வந்தாலும்
ஒருத்தரையும் கேட்டு வரவில்லை என்பதில்
இருவருக்கும் ஒரே பேச்சு.
"பூக்க முன்னம் பிடுங்குங்கோ.
பூத்ததை உலுப்பாதேங்கோ.
வேரோடை, பைக்குள்ளை, வாயைக் கட்டி."
காலையில் நான் படிக்கும் தேவாரம் இது.
மத்தியானம் என் கழுத்திலேயே
தடிப்புத் தடிப்பாய்க் கடி.

நீரில் ஆகாயத்தாமரை.
ஆகாயமும் இல்லை, தாமரையும் இல்லை.
ஒன்றை இழுத்தால் ஒன்று வராது,
கல்யாண வீட்டுக்குப் போவதுபோல்
பிள்ளை குட்டியோடு வரும்.
கரையேற்றிய குவியலைக்
குகநேசன் தன் லாண்ட்மாஸ்டருக்குக் கேட்டான்,
மிளகாய்த் தறைக்குப் பசளையாம்.
காய்ந்து முறியட்டும், பிறகு கொண்டுபோ என்றேன்.
அன்றிரவே அள்ளிவிட்டான்.
அடுத்த கிழமை அவன் கிணற்றுத் தொட்டியில்
மூன்று இலை, உப்பிய காம்போடு.

ஏழாம் கிழமை துப்புரவு.
மதகின் கீழ் ஒரு சைக்கிள் றிம்,
ஒற்றைச் செருப்பு,
தும்பிக்கை உடைந்த பிள்ளையார்.
அவரைக் கழுவி மதகுக் கட்டில் இருத்தினோம்.
தேடி ஒருவரும் வரவில்லை.
படம் எடுத்து அனுப்பினேன்;
மேலிடத்திலிருந்து
ஒரு பெருவிரல் வந்தது.

அன்றிரவு அளவெட்டிப் பக்கம் மழை.
விடிய வந்து பார்த்தால்
எங்கள் இருநூற்று நாற்பது மீற்றருக்குள்
எண்ணி எழுபத்திரண்டு செடி,
பூவோடு.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.
கரை போன இடமெல்லாம் போய்,
கரை இல்லாத இடத்தில் உருட்டி,
கந்தரோடை தாண்டி ஒரு வீட்டுப் பின்வளவில்
பாதியாய் அரிந்த நீலப் பரல்.
அதற்குள் ஊதாப் பூ,
மேலிதழில் மயில் கண்போல் ஒரு மஞ்சள்.
பல் தீட்டியபடி வந்தவளுக்கு
என் வயதுதான் இருக்கும்.
"வடிவெல்லே? நல்லூர்த் திருவிழாக் கடையிலை,
நூற்றைம்பது ரூபாய்."
மழைக்குப் பரல் நிறைந்து வழியும்.
வழிவது எங்கே போகுமென்று அவள் நினைக்கவில்லை.
நானும்தான்:
அதே கடையில் அதே பூவை
இரண்டு தரம் விலை கேட்டவள்,
பஸ்ஸுக்குக் காணாது என்று வைத்துவிட்டு வந்தவள்.

அவள் வளவுக்கு என்னிடம் கடிதம் இல்லை.
மிஞ்சியிருந்த இடக்கை இரண்டையும்
பரல் விளிம்பில் வைத்தேன்.
"பாப்பம்" என்றாள்.
யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு
ஆம் என்றும் பொருள் உண்டு.

மார்கழி முப்பத்தொன்றோடு எனக்கு வேலை முடிகிறது.
சேற்றில் அதன் விதை
இருபது வருடம் கிடந்தும் முளைக்குமாம்,
கமநல சேவைத் துண்டுப்பிரசுரம் சொல்கிறது.
பதிவேட்டின் கடைசி நிரலில்
'முடிந்தது' என்று எழுதக் கோடு போட்டிருந்தார்கள்.
திகதியை மட்டும் போட்டேன்.
பேனையை மூடாமல் மதகால் எட்டிப் பார்த்து
'ஐந்து' என்று எழுதினேன்.

அதில் ஒன்றுக்கு மொட்டு.
பதிவேட்டைப் பிள்ளையாரின் மடியில் வைத்துவிட்டுச்
செருப்பைக் கழற்றினேன்.